நாத்தனார் எங்கே?

முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் மேடையிலிருந்து ஒரு குரல் எழும்: "நாத்தனார் யாருங்க? பொண்ணுக்குப் பின்னால வந்து நில்லுங்க." அதுவரை வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டோ, குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டோ இருந்த மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வருவாள். கெட்டிமேளம் முழங்க மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார். பல வீடுகளில் மீதி இரண்டும் அவள் பொறுப்பு.

இந்தச் சொல்லை வீட்டில் யாரும் விளியாக வைத்துக் கூப்பிடுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கணவனின் அக்காவை அண்ணி என்பார்கள், அக்கா என்பார்கள். நெல்லைப் பக்கம் மதினி, ஈழத்தில் மச்சாள். இளையவள் என்றால் பெயர்தான். 'என் நாத்தனார்' என்பது மூன்றாம் ஆளிடம், பெரும்பாலும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சொல். அதை வாய்விட்டு அழைக்கும் ஒரே இடம் மணமேடை. அங்கே அது உறவுப்பெயராக மட்டும் நிற்பதில்லை. தலையாரி, கணக்குப்பிள்ளை என்பதுபோல ஒரு பொறுப்பின் பெயராகிவிடுகிறது.

சொல்லின் பழைய வடிவம் நாத்தூண். மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்து நாத்தூணார் ஆகி, வாயில் தேய்ந்து நாத்தனார் ஆனது. மாமனார், மாமியார், கொழுந்தனார் என்று கல்யாணத்தால் வந்த உறவுகளின் வாலில் இந்த 'ஆர்' ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். மலையாளத்தில் இன்றும் நாத்தூன்தான். அங்கே அது இருபக்கமும் செல்லும்: கணவனின் சகோதரியும் நாத்தூன், அவளுக்கு அண்ணன் மனைவியும் நாத்தூன். கன்னடத்தில் நாதினி என்று சற்றே இடம் மாறி, மனைவியின் தங்கையையும் தழுவிக்கொள்கிறது.

வாட்ஸப்பில் வேறொரு விளக்கம் பல வருடங்களாகச் சுற்றுகிறது. நாற்று அன்னார் என்பதே நாத்தனார் ஆனதாம். பிறந்த இடத்திலிருந்து பிடுங்கி வேறிடத்தில் நடப்படும் நாற்றைப் போன்றவள் அவளாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்காது. நாற்றை நாத்து என்பது நம் பேச்சுவழக்கு; பழைய நூலிலேயே இந்த உறவுப்பெயர் ற்ற இல்லாமல் த்த என்றே எழுதப்பட்டிருக்கிறது. மலையாளம் இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது: அங்கே நாற்றுக்குப் பெயர் ஞாறு, ஞகரத்தில் தொடங்குவது. நாத்தூனோ நகரத்தில் தொடங்குகிறது. இரண்டும் ஒரே வேர் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. தவிரவும், பிடுங்கி நடப்படுகிறவள் மணப்பெண் அல்லவா? உவமையே ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது.

வடமொழியில் கணவனின் சகோதரிக்கு நனாந்த்ரு என்று பெயர், இந்தியில் நனத். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள திருமணப் பாடல், மணமகளை மாமனாருக்கும் மாமியாருக்கும் அரசியாக இரு என்று வாழ்த்தும்போது நாத்தனாரையும் மறக்காமல் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்கிறது. வடமொழி அகராதிக்காரர்கள் இந்தச் சொல்லைப் பிரித்து, 'எவ்வளவு சேவை செய்தாலும் மகிழாதவள்' என்று பொருள் சொன்னார்கள். சொல்லாராய்ச்சியாக இதற்கு மதிப்பில்லை. மருமகள்களின் வாக்குமூலமாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் இந்தச் சொல் வரும் பழைய இடம் எது என்று தேடினால் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதைக்குப் போய்ச் சேருவோம். மதுரை ஆயர்பாடியில் மாதரி வீட்டில் கண்ணகி கோவலனுக்குச் சமைக்க வேண்டும். அதற்குப் பாத்திரங்கள் கேட்கும் இடத்தில் 'நாத்தூண் நங்கை' என்ற தொடர் வருகிறது. அவளோடு சேர்ந்து கண்ணகி சமைப்பாள். யார் அந்த நாத்தூண்? மாதரியின் மகள் ஐயை. கோவலனுக்கு அவள் உடன்பிறந்தவளும் இல்லை, ஒன்றுவிட்டவளும் இல்லை, ஒரே குலத்தவளும் இல்லை. வணிகன் ஒருவன் அடைக்கலமாக வந்து இறங்கிய வீட்டின் பெண், அவ்வளவுதான். அந்நியமான ஊரில் கண்ணகிக்கு ஒரு புகுந்த வீடு தேவைப்பட்டது. இருந்தவளை நாத்தூண் ஆக்கிவிட்டார்கள். அடுப்படியில் கூட நின்று வேலை பார்த்ததே அவளுக்கு உறவாயிற்று.

மணச்சடங்கில் மட்டும் அவள் அந்தக் காலத்தில் தென்படவில்லை. அகநானூற்றில் திருமணத்தை விரித்துச் சொல்லும் பாடல்கள் இரண்டு, 86-ம் 136-ம். முதலாவதில் மகனைப் பெற்ற பெண்கள் நான்கு பேர் மணமகளை நீராட்டுகிறார்கள். இரண்டாவதில் வெண்ணூல் சூட்டுகிறார்கள். கணவனின் சகோதரிக்கென்று இரண்டிலும் தனி வேலை இல்லை. கழுத்தில் கயிறும் கயிற்றில் முடிச்சும் வந்த பிறகுதான் அவளுக்கு இடம் வந்திருக்க வேண்டும்.

அந்த இடம் அலங்காரத்துக்கு வந்ததல்ல. முன்னால் நின்று கயிற்றைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோகும் மாப்பிள்ளைக்கு முடிச்சு விழும் இடம் கண்ணுக்குத் தெரியாது. இடையில் மாலை, ஜடை, பூ, வீடியோக்காரரின் வெளிச்சம். ஜடையைத் தூக்கிப் பிடிக்கவும், மாலைக்குள் சிக்கிய கயிற்றை எடுத்து விடவும், முடிச்சை இறுக்கவும் பின்னால் ஒரு கை வேண்டும். மருமகளாகப் போகிறவளின் கழுத்தைத் தொட வேறு ஆணின் கை கூடாது என்று நினைத்த சமூகத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணின் கையே அதற்குப் பொருந்தியது.

கொங்கு நாட்டில் இது இன்னும் அழுத்தமானது. தாலிக்கு முன்பே மணமகனுக்கும் அவன் சகோதரிக்கும் இணைச்சீர் என்று ஒரு சடங்கு. கொங்குச் சமூகத்தை ஆராய்ந்து 1972-ல் நூல் வெளியிட்ட பிரெண்டா பெக், அண்ணன் பிள்ளைகள்மேல் சகோதரிக்கு உள்ள சம்பந்த உரிமையை இந்தச் சீரோடு சேர்த்துப் பார்த்தார். புதுப்பெண்ணுக்கு நாளைய சம்பந்தி இன்றைய நாத்தனார்தான். யாழ்ப்பாணத்தில் வழக்கமான ஏற்பாடு வேறு: பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளைத் தோழன், மாப்பிள்ளையின் சகோதரி பெண்ணுக்குத் தோழி. இரண்டு வீட்டாரும் ஆளை மாற்றிக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சிக்கல் வருவது சகோதரி இல்லாத இடத்திலும், இருந்தும் ஒதுக்கப்படும் இடத்திலும். இல்லாத வீட்டில் பெரியப்பா மகளோ அத்தை பேத்தியோ நாத்தனார் ஆகிறாள். சில சமயம் எட்டு வயதுச் சிறுமிகூட. ஐயை ஆனபோது இவர்கள் ஆகக்கூடாதா என்ன. இரண்டாவதுதான் வலிக்கும். அக்கா விதவை என்றால் அவளைப் பந்தி விசாரிக்கச் சொல்லிவிட்டு அந்தச் சிறுமியைக் கூப்பிடுவார்கள். நாத்தூண் என்ற சொல்லில் அவளுடைய கணவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அது அவளுடைய சகோதரனை வைத்து வந்த உறவு. அவன்தான் மாப்பிள்ளையாக எதிரே நிற்கிறான். விலக்குக்குச் சொல்லிலும் சான்றில்லை, உறவுமுறையிலும் சான்றில்லை. முதல் முடிச்சைப் போடுகிறவன் "அக்கா வரட்டும்" என்று சொன்னால் தடுக்க மேடையில் யாருக்கும் வாய் இருக்காது.

சட்டம் இதில் தலையிடுவதில்லை. 1928-ல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தம், உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ தாலியோ போதும் என்கிறது. எத்தனை முடிச்சு, யார் கையால் என்ற கணக்கெல்லாம் வீட்டாருடையது. ஆகவே யார் நாத்தனார் என்பதைக் கல்யாணப் பேச்சின்போதே முடிவு செய்து ஐயரிடமும் சொல்லிவைத்துவிடுவது நல்லது. முகூர்த்த நேரத்தில் மைக்கில் தேடினால், வாசல் பக்கம் நிற்கும் அக்காவுக்கு முன்னால் வேறு யாராவது ஓடி வந்துவிடுவார்கள்.