உடல் பருமன் சிகிச்சை: மருந்தும் வாழ்முறை மாற்றமும்

எடைக் குறைப்பு மருந்தையும் உணவு, நடை, உறக்கம் போன்ற அன்றாடப் பழக்கங்களின் மாற்றத்தையும் ஒருசேரக் கைக்கொள்ளும் சிகிச்சை முறை இது. பி.எம்.ஐ. 25ஐத் தொட்டாலே பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் கேரளப் பெண்களில் 38.1 சதவீதத்தினரும் தமிழகப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் அந்த எல்லையில் இருந்தார்கள்.

பழக்கத்தை மட்டும் மாற்றினால் எவ்வளவு தூரம் போகலாம்? கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. அந்தத் தாலுகாவின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமுள்ள 1,007 பேரைக் கொண்டு கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் நடந்தது. மாத்திரை, ஊசி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே அக்கம்பக்கத்தாரை ஓராண்டுக் காலம் கூட்டிப் பேசினார்கள். வீட்டுத் தோட்டம் போடவும் சேர்ந்து நடக்கவும் தூண்டினார்கள். காய்கறி, பழம் உண்பது கூடியது, குடி குறைந்தது. ஆனால் இரண்டாண்டு முடிவில் நீரிழிவு வந்தவர்கள் இந்தக் குழுக்களில் 14.9 சதவீதம், மற்றவர்களில் 17.1 சதவீதம். 2018இல் வெளியான இந்த முடிவில், வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. முயற்சி வீண் என்று இதற்குப் பொருளல்ல. பருமன் முற்றியவருக்கு மனவுறுதியை மட்டும் உபதேசிப்பது நியாயமல்ல என்றே கொள்ள வேண்டும்.

மருந்தையும் பழக்கத்தையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த புகழ்பெற்ற ஆய்வு அமெரிக்காவில் 2005இல் வந்தது. 224 பேர். ஓராண்டில் சிபுட்ரமின் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் சராசரியாக 5 கிலோவும், வாழ்முறைப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் 6.7 கிலோவும் குறைந்தார்கள். இரண்டையும் பெற்றவர்களோ 12.1 கிலோ. இதயத்துக்கு ஆபத்து என்பதால் அந்த மாத்திரை பின்னர் பல நாடுகளில் நிறுத்தப்பட்டது; இந்தியா 2011இல் தடை செய்தது. மருந்து போனாலும் பாடம் நின்றது.

இன்றைய மருந்துகள் வாரம் ஒருமுறை போடும் ஊசிகள். டிர்செபடைட் (மவுஞ்சாரோ) 2025 மார்ச்சிலும், செமாகுளுடைட் (வீகோவி) ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவை பசியைத் தணித்து, சீக்கிரமே வயிறு நிறைந்த உணர்வைத் தருகின்றன. 2021இல் வெளியான ஆய்வில், 68 வாரத்தில் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையோடு செமாகுளுடைட் போட்டவர்களின் எடை 14.9 சதவீதம் குறைந்தது. அதே ஆலோசனையோடு வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியது.

பசி அடங்கிய பிறகு தட்டில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். எடையோடு தசையும் கரையும். எனவே குறைந்த உணவிலும் புரதம் தங்க வேண்டும்: மரச்சீனிக் கிழங்கைப் பாதியாக்கி, மீன்குழம்பில் மீனைக் கூட்டலாம், கஞ்சியைக் குறைத்துப் பயற்றை அள்ளிப் போடலாம். பளு தூக்கும் பயிற்சியும் தேவை. டென்மார்க்கில் லிராகுளுடைட் என்னும் மற்றொரு எடைக் குறைப்பு ஊசியும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோது, குறைத்த எடையைக் காப்பதில் தனித்தனி முறைகளைவிட நல்ல பலன் கிடைத்தது.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பரவலான பக்கவிளைவுகள். பித்தப்பைக் கல், கணைய அழற்சி அரிது. கர்ப்பிணிகளுக்கும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இந்த ஊசிகள் கூடாது. மருத்துவரின் சீட்டில்லாமல், தெரிந்தவர் சொன்னார் என்று யாரும் இவற்றை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.