கோல் ஏந்திய கவிஞர்: காரைக்குடி தந்த நிழற்படம்

கவிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் பாடல்களையும் கடிதங்களையும் சான்றாகக் கொள்வர். நிழற்படத்தையோ நூலின் முகப்பில் அணியாக வைத்துவிட்டு அப்பால் செல்வர். நிழற்படமும் ஒரு சான்றே. பாரதியாரின் நிழற்படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் காரைக்குடியில் எடுக்கப்பட்டவையும் உண்டென்பது இம்மண்ணுக்குரிய பேறாகும்.

1917ஆம் ஆண்டில் ராய. சொக்கலிங்கனார் முதலிய இளைஞர்கள் இவ்வூரில் இந்து மதாபிமான சங்கத்தைத் தோற்றுவித்தனர். 1919இல் பாரதியார் அச்சங்கத்திற்கு வந்தார். அதனை வாழ்த்திப் பாடலும் இயற்றினார். அவ்வருகையின்போதே படம் எடுக்கப்பட்டது. அதற்கு ஓராண்டுக்கு முன், 1918 நவம்பரில், புதுவையை விட்டு வெளியேறியவுடன் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைபட்டவர் அவர். டிசம்பரில் விடுதலை பெற்றபின் கடையத்தில் வறுமையோடு வாழ்ந்தார். இப்பின்னணியை மனத்திற்கொண்டு படத்தை நோக்குதல் வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் உயரத்தே, சற்று முன்சாய்த்து மாட்டப்பட்டிருக்கும் முன்னோர் படங்களை நாம் அறிவோம். முழங்கால்மேல் கை, நிலத்தில் பதிந்த பாதம், நிமிர்ந்த முதுகு என்பதே அவற்றின் இலக்கணம். தொடக்கக் காலக் கருவிகள் ஒளியை மெல்லவே வாங்கின. அசைந்தால் உருவம் கலங்கும். அத்தேவையால் பிறந்த அசைவின்மை, பின்னர்ப் பெருமிதத்தின் அடையாளமாக நிலைத்தது. அண்ணாந்து காண்போருக்கு அவ்வுருவம் மேலும் ஓங்கித் தோன்றும்.

பாரதியாரின் படமும் இம்மரபினதே, எனினும் வேறுபட்டது. வணிகர் படங்களில் வேலைப்பாடமைந்த மேசையும் பொன்னணியும் செல்வத்தைப் பேசும். இங்கோ கவிஞர் கையில் இருப்பது ஒரு கோல் மட்டுமே. முதுமையின் ஊன்றுகோலாக அன்றி, அரசன் ஏந்திய செங்கோலாகவே அது நமக்குத் தோன்றுகிறது. பொருளால் அன்று, பிடித்த பிடியால் அது பொருள் பெறுகிறது.

ஒளியும் இதற்குத் துணை நிற்கிறது. வண்ணமறியா அப்படத்தில் வெண்மையும் கருமையுமே மொழி. வெண்தலைப்பாகை ஒளியை முழுதும் ஏற்கிறது. கரிய மேற்சட்டை அதனை விழுங்குகிறது. இரண்டற்கும் இடையே முகம் தனித்து எழுகிறது. காண்போர் கண் அவர் கண்ணிலேயே சென்று நிலைக்கிறது.

இன்று மேடைகளிலும் பள்ளிச் சுவர்களிலும் நாம் காண்பது பெரும்பாலும் மார்பளவு ஓவியமே. அதில் விழியின் கனல் உண்டு. கோலும் கையும் உடலின் நிலையும் இல்லை. முகத்தை மட்டும் போற்றி, இல்லாமையிலும் நிமிர்ந்திருந்த உடலை நாம் மறந்துவிட்டோமோ என ஐயுற வேண்டியுள்ளது.

1921 செப்டம்பரில், நாற்பது வயதும் நிரம்பாமல், அவர் மறைந்தார். காரைக்குடியில் அவரை அழைத்துப் பாடச்செய்தது பேரரசோ பெருநிறுவனமோ அன்று. தோன்றி ஈராண்டே ஆன இளைஞர் சங்கம். பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். வாழுங்காலத்திலேயே கவிஞரை அழைத்து, நிமிர்ந்திருக்க இடமளிப்பதே இலக்கிய அமைப்பின் முதற்கடன்.