பொப்பியும் பூவரசும்: மலையகத்தில் போர் நினைவு நடந்துவந்த வழி

1914 ஒக்டோபர் இறுதியில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து 'வூஸ்டர்ஷயர்' என்ற கப்பல் எகிப்தை நோக்கிப் புறப்பட்டது. அதில் சென்ற படையில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அதற்குச் சில வாரங்கள் முன்புவரை மலைநாட்டுத் தோட்டங்களில் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துரைமார். அவர்கள் சேர்ந்திருந்த இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தொண்டர் படை. ஐரோப்பியர் அல்லாதாருக்கு அதில் இடமில்லை. எகிப்துக்குப் போனவர்கள் சுயஸ் கால்வாயைக் காத்தார்கள். 1915 ஏப்ரலில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளுடன் கலிப்பொலியில் இறங்கினார்கள். அங்கே தளபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலாகவும் இருந்தார்கள். பலர் பின்னர் பிரித்தானியப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளானார்கள். முதல் உலகப் போர் முடிந்தபோது இப்படையைச் சேர்ந்த ஏறத்தாழ 80 பேர் இறந்திருந்தார்கள்.

மலையகத்தின் போர் நினைவைப் பற்றி எழுதுவோர் இந்த வீரர்களோடு தொடங்குவது வழக்கம். பெரும்பாலும் இவர்களோடேயே முடித்தும் விடுகிறார்கள். கல்லையும் பித்தளைப் பலகையையும் மட்டும் சான்றாகக் கொண்டால் கதை அவ்வளவுதான். ஆனால் அந்த நினைவின் எதிர்வினையாகக் கிளம்பிய இன்னொரு நினைவு மரபு, தோட்டத் தொழிலாளரின் லயங்கள்வரை வந்து அவர்களுடையதாக வேரூன்றியது. நவம்பர் 11இல் தொடங்கி ஜனவரி 10இல் வந்து சேர்ந்த அந்த வழியைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துரைமார் படைக்கு இன்னொரு முகமும் உண்டு. கலிப்பொலியில் அதன் ஒரு பகுதி போரிட்டுக்கொண்டிருந்த 1915 மே மாத இறுதியில் கண்டியில் சிங்கள–முஸ்லிம் கலவரம் வெடித்தது. அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதை நிறைவேற்றப் பஞ்சாபிப் படையினரோடு தீவில் எஞ்சியிருந்த துரைமார் தொண்டர்களும் இறக்கப்பட்டார்கள். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பற்றிய முறைப்பாடுகள் இலண்டன்வரை போயின. ஆகவே அப்படையின் பெயரைத் தாங்கிய எந்த நினைவுச் சின்னத்தைக் காணும்போதும் கலிப்பொலியை மட்டும் நினைப்பது வரலாற்றில் பாதியை விட்டுவிடுவதாகும்.

போருக்குப் பின் நினைவுச் சின்னங்கள் விரைவாக எழுந்தன. எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த தூண் 1923இல் கொழும்பு காலிமுகத்திடலில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பீரங்கிகளுக்கு அது இலக்குக் காட்டும் என்று அஞ்சி விக்டோரியா பூங்காவுக்கு, அதாவது இன்றைய விகாரமகாதேவி பூங்காவுக்கு, அதை மாற்றினார்கள். கண்டி நகரத்துக்கும் ஒரு நினைவுச் சின்னம் கிடைத்தது. தோட்டப் பகுதிகளில் துரைமாரின் நினைவைத் தாங்கியவை தேவாலயங்கள். டிக்கோயாவில் 1878இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நின்றால், கீழே காசல்ரீ நீர்த்தேக்கமும் நாற்புறமும் தேயிலை மலையும் தெரியும். கற்களில் பெயர், வயது, ஸ்கொட்லாந்திலோ இங்கிலாந்திலோ இருக்கும் சொந்த ஊர் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். தியத்தலாவையில் போயர் போர்க் கைதிகளுக்குக்கூட நினைவுத்தூண் உண்டு. 1900 முதல் 1902 வரை ஏறத்தாழ 5,000 போயர்கள் இலங்கையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். பேரரசோடு போரிட்டுச் சிறைப்பட்டவர்கள் அவர்கள். அங்கே இறந்தவர்களுக்கும் கல் நாட்டிப் பெயர் சொல்லப்பட்டது. அதே மலைகளில் தேயிலையை நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்து மாண்டவர்களின் பெயர்களோ செக்றோல் புத்தகத்தில் இருந்தன. ஆள் இறந்ததும் அந்தப் பெயர் அடிக்கப்பட்டது.

இதனால் தொழிலாளரிடம் போரையும் வீரச்சாவையும் நினைக்கும் மரபு இருக்கவில்லை என்று கருதுவது பெரும் பிழை. அவர்கள் கடல் கடந்து வந்த திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளில் நடுகல் மரபு பழமையானது. போரில் பட்டவனுக்குக் கல் தேர்வதிலிருந்து வாழ்த்துவதுவரை உள்ள படிகளைத் தொல்காப்பியமே வகுத்துச் சொல்கிறது. தோட்டத்தில் கல் நட நிலம் இல்லை. லயத்துக் காம்பராகூட வேலை இருக்கும்வரைதான். எனவே அவர்கள் வீரரைக் கூத்திலும் சாமியிலும் வைத்தார்கள். மதுரைவீரனும் முனியாண்டியும் தோட்டத்து எல்லையில் குடியேறினார்கள். தொழிற்சாலை இயந்திரங்களைக் காக்க ரோதைமுனி என்ற புதிய சாமியும் பிறந்தார்.

இவற்றில் பொன்னர் சங்கர் கூத்து போர் நினைவின் ஆய்வுக்கு மிக முக்கியமானது. வீரப்பூர்ப் பகுதியின் அண்ணன்மார் கதை, திருச்சி வட்டாரத்திலிருந்து வந்தவர்களோடு மலையகத்துக்கும் வந்தது. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் போலவே இதுவும் தப்பொலியோடு விடிய விடிய நடக்கும். படுகளக் காட்சியில் அண்ணன்மாரும் அவர்களோடு நின்றவர்களும் மண்ணில் விழுந்து கிடப்பார்கள். ஊர் முழுவதும் சூழ்ந்திருக்கும். பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுவார்கள். அண்ணன்மாரின் தங்கை தங்காள் வந்து தண்ணீர் தெளித்த பின்பே விழுந்தவர்கள் எழுவார்கள். அழுபவர்களில் தம் சொந்தச் சாவுக்கு அழாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பார்வையாளர், நடிகர் என்ற பிரிவு அந்த நேரத்தில் இல்லை. கல் இல்லாத சமூகம் ஆண்டுதோறும் தன் உடலாலேயே நினைவுச் சின்னம் எழுப்பியது என்பது என் துணிபு. நாட்டார் வழக்காற்றியலின் ஓரத்தில் தள்ளப்படும் இதைப் போர் நினைவு வரலாற்றின் நடுவில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி நவம்பர் 11க்கு வருவோம். முதல் உலகப் போர் நிறுத்த நாளில் பொப்பி மலர் விற்றுப் பணம் திரட்டும் வழக்கம் பிரித்தானியாவில் 1921இல் தொடங்கி இலங்கைக்கும் வந்தது. திரண்ட பணத்தின் பெரும் பங்கு பிரித்தானியாவுக்கே போனது. போரில் பணியாற்றிய இலங்கையருக்கு உரியது கிடைக்கவில்லை. முன்னாள் படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா 1931இல் அதற்கு மாற்றாக சூரிய மல் விற்பனையைத் தொடங்கினார். நம் ஊர்க் குளக்கரையிலும் வேலியிலும் நிற்கும் பூவரசின் மஞ்சள் பூவே அது. 1933இல் இளைஞர் அமைப்புகள் அந்த இயக்கத்தைக் கையிலெடுத்தன. இங்கிலாந்தில் பிறந்து மாத்தறையில் பாடசாலை அதிபராக இருந்த டொரின் யங், பின்னாளில் டொரின் விக்ரமசிங்க, பொப்பிக்கும் பூவரசுக்கும் இடையிலான போட்டியைப் 'பூக்களின் போர்' என்று நாளேட்டில் எழுதினார். இயக்கத்தின் தலைமையும் அவருக்கு வந்தது. போர் நினைவு நாளிலேயே போருக்கும் பேரரசுக்கும் எதிராகப் பூ விற்றார்கள். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அதே தொண்டர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குப் போனார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானபோது அதன் முன்னணியில் நின்றவர்களில் பலர் இவர்களே.

கட்சி மலைக்கு ஏறியது இப்படித்தான். 1936இல் மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த ஆஸ்திரேலிய இளைஞர் மார்க் பிரேஸ்கேர்டில், துரைமாரின் நடத்தையைக் கண்டு தொழிலாளர் பக்கம் நின்றார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் இந்தியத் தலைவர் கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட கட்சிக் கூட்டத்தில் அவரும் பேசினார். ஒரு வெள்ளையர் தோட்டத் தமிழரின் மேடையில் ஏறிப் பேசியதைத் துரைமார் சங்கங்களால் தாங்க முடியவில்லை. ஆளுநர் நாடு கடத்தக் கட்டளையிட்டார். மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அதன் பின் தோட்டங்களில் தொழிற்சங்கம் பரவிய வேகம் அசாதாரணமானது.

1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் கட்சியின் சங்கத் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. போர்க்காலத்தில் தேயிலையும் இறப்பரும் படைத் தேவைக்கான பொருள்கள். தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்பது அரசின் கண்ணுக்குப் பின்புலத்துப் போர்முனையில் எழுந்த கலகம். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அந்த விவகாரம் அமைச்சர் சபையே பதவி விலகும் அரசியல் நெருக்கடியாக முற்றியது. அதே ஆண்டு ஜூனில் கட்சித் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் சிறைப்பட்டார்கள். கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய 1942 ஏப்ரல் 5க்கு இரண்டு நாள் கழித்து அவர்கள் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினார்கள்.

பொப்பிக்கு எதிராகப் பூவரசம் பூ விற்றவர்கள் ஒன்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் முல்லோயா. அங்கே விழுந்த உடல் மலையகத்துக்கு முதல் தியாகியைத் தந்தது. பேரரசின் போர் நினைவு நாள் இல்லாமல் இந்தத் தியாகி நினைவு இதே வடிவில் பிறந்திருக்காது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாள் குறித்தல், பெயர் வாசித்தல், மாலை சாத்தல், மௌன அஞ்சலி ஆகிய சடங்குகள் அதிலிருந்து வந்தவை. ஒப்பாரியும் தப்பும் படுகளத்திலிருந்து வந்தவை.

இரண்டாம் உலகப் போரின் நினைவு கண்டிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். கிழக்காபிரிக்கப் படைப்பிரிவுகள் பர்மாவுக்குப் போகுமுன் இலங்கையில் பயிற்சி பெற்றன. கல்லறைத் தோட்டத்தில் பிரித்தானியர் 107 பேர், கிழக்காபிரிக்கர் 35 பேர், இலங்கையர் 26 பேர், இந்தியர் 23 பேர் உறங்குகிறார்கள். கற்கள் எல்லாம் ஒரே உயரம். மேலே படைப்பிரிவின் சின்னம், பிறகு படை எண், பதவி, பெயர், இறந்த நாள். கீழே சிலுவையோ பிறையோ ஓம் எழுத்தோ. பதவி, இனம், மதம் பாராமல் எல்லோருக்கும் ஒரே கல் என்பது 1917இல் தொடங்கிய பேரரசுப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் கொள்கை. கண்டியில் அது மெய்யாகவே காணப்படுகிறது, மனதைத் தொடுகிறது.

ஆனால் அக்கொள்கை எல்லா இடத்திலும் காக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசியப் படைவீரரிலும் சுமை தூக்கியோரிலும் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர்வரை, பெயர் குறிக்கப்படாமலோ நினைவே கொள்ளப்படாமலோ விடப்பட்டதாக அதே ஆணைக்குழுவின் சிறப்புக் குழு 2021இல் அறிக்கையிட்டது. அந்த ஒப்புதலின் தொடர்ச்சியாக, தொழிற்படைகளில் இறந்த 1,700க்கு மேற்பட்ட கறுப்பினத் தென்னாபிரிக்கருக்கு 2025 ஜனவரியில் கேப் டவுனில் நினைவிடம் திறக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனித் தூண், ஒவ்வொன்றிலும் பெயர். துப்பாக்கி ஏந்தாமல் பேரரசின் போர்களைச் சுமந்த மலையக மக்களுக்கு இந்தச் செய்தி மிகவும் நெருக்கமானது.

அவர்களுக்குக் கிடைத்ததோ வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. நாட்டின் குடிமகனாக ஏற்கப்படாதவனுக்கு அரசு எப்படிக் கல் நாட்டும்? எனவே நினைவைத் தொழிற்சங்கமும் தோட்டமும்தான் காத்தன. 1977 மே 11ஆம் திகதி ஹற்றனுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள டெவன் தோட்டத்தில், தேயிலைக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற தொழிலாளரில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். கோவிந்தன் கூலிக்கும் சங்க உரிமைக்கும் விழுந்தவர். லெட்சுமணன் மண்ணுக்கு விழுந்தவர். நினைவின் பொருள் இந்த இரண்டு சாவுகளுக்கு நடுவே மாறியிருக்கிறது. 'வேலை செய்யும் தோட்டம்' 'எங்கள் நிலம்' ஆகிவிட்டது.

இப்போது கோவிந்தன் விழுந்த ஜனவரி 10 மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் வடக்கில் அரசு எழுப்பிய வெற்றித் தூபிகளும், இடிக்கப்பட்ட துயிலும் இல்லங்களும் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. இனக்கலவரங்களில் மலையிலிருந்து துரத்தப்பட்டு வன்னியில் குடியேறி, அந்தப் போரில் மாண்ட மலையக வம்சாவளியினர் இந்த இரண்டு நினைவுகளிலும் தனியாகக் கணக்கில் வரவில்லை. அவர்களையும் ஜனவரி 10ஆம் நாள் பட்டியலில் சேர்ப்பதா என்று மலையக அமைப்புகள் முடிவெடுக்கும் காலம் வந்துவிட்டது; சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

சேர்ப்பதற்கு அந்தப் பட்டியலிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. துரைமார் படையின் வீரர் பட்டியல் ஐரோப்பியரோடு நின்றது. தொழிலாளர் தமக்கென்று தொகுத்த பட்டியலிலோ, கோவிந்தனுக்கும் லெட்சுமணனுக்கும் இடையில், 1956இல் அக்கரப்பத்தனைப் பகுதியின் டயகமத் தோட்டப் போராட்டத்தில் உயிர்விட்ட சிங்களவர் ஏப்ரஹாம் சிங்கோவின் பெயரும் வாசிக்கப்படுகிறது.