இயங்கும் கருனியில் ஒட்டு: ஒரு கலைச்சொல் வரலாறு

முன்னுரை

இயங்குதளத்தில் வன்பொருளையும் பிற நிரல்களையும் இணைத்து ஆளும் மையப்பகுதி கருனி எனப்படும். அதில் பிழை காணப்பட்டால், திருத்திய கருனியை நிறுவிக் கணினியை மீளத் தொடக்குவதே பழைய வழக்கம். கணினியை நிறுத்தாமலே பிழை களையும் முறை பின்னர்த் தோன்றியது. அம்முறை பெற்ற பெயர்களின் வரலாற்றையும் அதற்கேற்ற தமிழ்ச் சொல்லையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்களின் வரலாறு

நிரல்கள் துளையிட்ட காகித நாடாவில் பதியப்பட்ட காலத்தில், தவறான துளைகளின்மேல் துண்டு ஒட்டித் திருத்தினர். 'பேட்ச்' என்னும் சொல் அவ்வழக்கை இன்றும் நினைவூட்டுகிறது. 2008இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெஃப் அர்னால்டு லினக்ஸ் கருனிக்கென உருவாக்கிய முறை 'கேஸ்பிளைஸ்' எனப்பட்டது. கயிற்று முனைகளைப் புரிசேர்த்து இணைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் அமைந்தது. 2009இல் வெளிவந்த ஆய்வுரை அதனை 'மறுதொடக்கமற்ற இற்றைப்படுத்தல்' என்னும் பொருள்படக் குறித்தது. 2014இல் சூசே நிறுவனம் 'கேகிராஃப்ட்' என்பதையும், ரெட் ஹாட் நிறுவனம் 'கேபேட்ச்' என்பதையும் வெளியிட்டன. முன்னது செடியில் ஒட்டுக்கட்டுதலையும், பின்னது துணியில் ஒட்டுப்போடுதலையும் உவமையாகக் கொண்டவை. இரண்டுக்கும் பொதுவான அடிப்படை, 2015 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 4.0 பதிப்பில் 'லைவ்பேட்ச்' என்னும் பெயரில் இடம்பெற்றது. 2017இல் வந்த 4.12 பதிப்பில் அவ்விரண்டின் மாற்று நெறிகளும் ஒன்றிணைந்தன.

தமிழ்ச் சொல் தேர்வு

இதனை 'நேரடி ஒட்டு' எனப் பெயர்த்தால், நேரடி என்பது இடையீடின்மையை உணர்த்துமேயன்றி இயக்கம் தொடர்வதை உணர்த்தாது. 'இற்றைப்படுத்தல்' என்பது மேலும் மயக்கம் தரும். இம்முறையில் கருனி முழுமையும் புதிதாவதில்லை. பிழையுள்ள செயற்கூற்றுக்குச் செல்லும் அழைப்பு, நினைவகத்தில் ஏற்றப்பட்ட திருத்திய செயற்கூற்றுக்குத் திருப்பப்படுகிறது. வட்டிலுள்ள கருனி பழையதாகவே இருந்து, ஒட்டும் மீண்டும் ஏற்றப்படாவிடில், மறுதொடக்கத்தில் பழைய பிழை திரும்பும். இற்றைப்படுத்தியாயிற்று என நம்பும் நிருவாகி, கருனியை மாற்றும் பணியைக் கைவிடக்கூடும். அந்நிலையில் சொல்லின் மயக்கம் கணினியின் காப்புக் குறையாக முடியும்.

முடிவுரை

'இயங்குநிலை ஒட்டு' என்னும் தொடர் இக்குறைகளை நீக்குகிறது. முதற்சொல் திருத்தம் நிகழும் நிலையைக் கூறும். ஒட்டு என்னும் சொல் துணிக்கும் செடிக்கும் பொதுவாதலின், 2014இல் பிரிந்து நின்ற இரு உவமைகளையும் தன்னுள் அடக்கும். ஒட்டிட்ட இடம் ஒழிந்த ஏனைய பகுதி பழையதே என்னும் உண்மையையும் அது மறைப்பதில்லை.