அச்சேறாததால் பிழைத்த சித்திரங்கள்

ஜப்பானிய அச்சுச் சித்திரம் என்றவுடன் ஹொக்குசாய் வரைந்த பேரலையே பலர் நினைவுக்கு வரும். 1831ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த அச்சித்திரத்தின் படிகள் பல நாட்டுக் காட்சிசாலைகளில் உள்ளன. ஆனால், அதற்கென அவர் தம் கையால் மைகொண்டு எழுதிய இறுதி மூலம் எங்கே என்று வினவினால், எங்கும் இல்லை என்றே விடை கூற வேண்டும். அச்சுத் தொழிலே அதனை உண்டுவிட்டது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிதல் நன்று.

அக்காலத்தில் எடோ எனப்பட்ட டோக்கியோ நகரில், பதிப்பாளர் முதலிட, ஓவியர் வரைய, ஒருவர் செதுக்க, மற்றொருவர் அச்சிடுவார். ஓவியர் முதலில் மாதிரிக் கோடுகள் இட்டுப் பார்ப்பார். சில வேளை இளஞ்சிவப்பு மையால் வரைந்து, பின்னர்க் கருமையால் உறுதி செய்வார். பிழைபட்ட இடத்தில் சிறு தாளை ஒட்டி மீண்டும் எழுதுவதும் உண்டு. இறுதியில் மெல்லிய தாளில் தெளிந்த கோடுகளாலான படம் ஒன்று அமையும். அதனை 'ஹன்ஷிதா' என்பர்.

அப்படத்தைக் காட்டுச் செர்ரி மரப்பலகைமீது முகங்கவிழ ஒட்டுவர். தாளின் முதுகை விரலால் தேய்த்து உரித்துச் சிறிது எண்ணெய் தடவினால், கோடுகள் மரத்தில் எழுதியவை போலத் தோன்றும். செதுக்குவோர் ஒவ்வொரு கோட்டின் இருமருங்கும் கத்தியை ஓட்டிக் கோட்டினை மட்டும் நிறுத்தி, ஏனைய மரத்தை உளியால் அகற்றுவார். தாளும் மரத்தோடு சிதைந்து ஒழியும். வண்ணப் பலகைகளெல்லாம் இதன்பின் வருவனவே.

1760இல் பிறந்த ஹொக்குசாய், இளமையில் செதுக்கும் தொழிலைப் பயின்றவர். முதுமையில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் வரைந்த கண்ணையும் மூக்கையும் செதுக்குவோர் தம் வழக்கப்படி மாற்றலாகாது என்று அறிவுறுத்தினார். தொழில் அறிந்தவருக்கே உரிய கண்டிப்பு அது!

ஆகவே, இன்று நாம் காணும் ஹன்ஷிதாக்களிற் பெரும்பாலானவை, அச்சேறாது நின்ற நூல்களுக்கு உரியவை. 1835ஆம் ஆண்டையொட்டி அவர் தொடங்கிய நூறு கவிஞர் சித்திர வரிசை முப்பது படங்களைக்கூட எட்டாமல் நின்றது. அதனால் அறுபதுக்கும் மேற்பட்ட மூலங்கள் பிழைத்தன. பதிப்பாளரின் நட்டம் நமக்குப் பேறாயிற்று என்று மகிழலாம். ஆயினும், ஹொக்குசாய் அவ்வாறு மகிழ்ந்திருப்பார் என்று நான் எண்ணவில்லை. உளிக்கு இரையாகவே அவர் அவற்றை வரைந்தார்.

'எல்லாப் பொருள்களின் பெருஞ்சித்திர நூல்' என்னும் பெயருடன் அவர் வரைந்த 103 சிறு படங்களின் வரலாறும் இத்தகையதே. நூல் வெளிவரவில்லை. படங்கள் ஒரு மரப்பேழையில் தங்கின. 1948இல் பாரிஸ் நகரில் ஏலம் போன பின்னர், நெடுங்காலம் பொதுமக்கள் பார்வைக்கு எட்டவில்லை. 2020இல் பிரிட்டிஷ் மியூசியம் அவற்றைத் தனதாக்கிக்கொண்டது.

அவற்றுள் சீனக் கதைகள் உண்டு, செம்பருத்தியருகே இரு பூனைகள் உண்டு, இந்தியாவும் உண்டு. 1635 முதல் ஜப்பானியர் கடல் கடந்து செல்லுதல் தடுக்கப்பட்டிருந்ததால், ஹொக்குசாய் இந்தியாவைக் கண்டவரல்லர். எனினும் பௌத்தக் கதைகளில் வரும் விரூடக மன்னன் மின்னல் தாக்கி மாயும் காட்சியை வரைந்துள்ளார். ஒளி நாற்புறமும் வெடித்துச் சிதற, மயிரிழை போன்ற கோடுகள் தாளெங்கும் பாய்கின்றன. அக்கோடுகளை மரத்தில் நிறுத்தும் வேலை எந்தச் செதுக்குவோருக்கும் வாய்க்கவில்லை.