நார்த்தாமலைச் சுனைகளும் நீர்த்தூய்மையின் சரித்திரமும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே, திருச்சிராப்பள்ளிச் சாலையை ஒட்டிய பிரதேசத்தில், மேலமலை, கடம்பர் மலை, கோட்டை மலை, ஆளுருட்டி மலை, பொம்ம மலை என்று வெவ்வேறு பெயர் தாங்கி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளின் கூட்டத்தையே நாம் நார்த்தாமலை என்று வழங்குகிறோம். ஜீவநதி ஒன்றும் இவ்வூரைத் தொட்டு ஓடவில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் கொடுப்பதைத் தேக்கி வைத்துக்கொண்டு, அடுத்த மழைவரை அந்த ஜலத்தைக் கெடாமற் காப்பாற்றினால்தான் இங்கே குடியிருக்க முடியும் என்ற நிலையில், சுனையும் ஊருணியும் கண்மாயுமே இப்பிரதேசத்தின் சரித்திரத்தை நடத்தி வந்திருக்கின்றன. நீரைத் தேக்குவது ஒரு வித்தை. தேக்கிய நீரில் பாசி மண்டாமற் பார்த்துக்கொள்வது அதனினும் நுட்பமான வித்தை. முன்னதைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பின்னதைப் பற்றிச் சொல்லவேண்டுவது இன்னும் இருக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் முத்தரையர் குலத் தலைவர்கள் இக்குன்றுகளை ஆண்டார்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி என்பவன் குடைவித்த சிவன் கோயில், பழியிலி ஈசுவரம் என்ற பெயரோடு மேலமலையில் இன்றும் இருக்கிறது. அதன் அருகே பன்னிரண்டு திருமால் சிற்பங்கள் வரிசையாக நிற்கும் பதினெண்பூமி விண்ணகரமும், எதிரே விஜயாலய சோழீசுவரமும் உள்ளன. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதி அரையன் எடுப்பித்த இச்சோழீசுவரக் கற்றளி மழையினால் இடிந்து போக, மல்லன் விடுமன் என்பவன் அதனைப் புதுப்பித்தான் என்று அக்கோயிற் சாசனம் கூறுவதைப் படிக்கும்போது, எந்த மழையை நம்பி ஊர் உயிர் வாழ்ந்ததோ அந்த மழையே கற்றளியையும் அழித்த விந்தை நம் மனத்தைத் தொடுகிறது. சோழர் காலத்தில் இவ்வூர் தெலுங்குகுலகாலபுரம் என்னும் வணிக நகரமாயிற்று. பல திசைகளிலிருந்தும் சாத்து வந்து தங்கிய இந்நகரத்தை வணிகர் சபையாகிய நகரத்தாரே பரிபாலனம் செய்தார்கள் என்றால், அத்தனை ஜனங்களுக்கும் குடிதண்ணீர் கொடுத்த நீர்நிலைகளின் சுத்தம் எவ்வளவு கவனத்துக்குரியதாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மேலமலையின் சுனைகளுள் சிறப்புடையது தலையருவிச் சிங்கம் என்பது. நீர் நிறைந்து கிடக்கும் அச்சுனைக்குள்ளே பாறையைக் குடைந்து அமைத்த சிறு கருவறையும், அதில் ஜ்வரஹரேசுவரர் என்னும் சிவலிங்கமும் உண்டு. சுனைநீரை முழுவதும் இறைத்தாலன்றி இறைவனைத் தரிசிக்க இயலாது. 1839 முதல் 1886 வரை புதுக்கோட்டையை ஆண்ட இராமச்சந்திரத் தொண்டைமானின் அரசி இச்சுனையை இறைக்கச் செய்து லிங்கத்தை வழிபட்ட செய்தியை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. சித்தன்னவாசலில் உள்ள நாவற்சுனையிலும் இவ்வாறே நீருக்குள் மூழ்கிய குடைவரைக் கோயில் ஒன்று இருப்பதால், இது ஒரு குன்றோடு நின்ற வழக்கம் அன்று என்பது தெளிவு. சுனையை இறைத்தவர்களின் நோக்கம் பக்தியே. ஆயினும், அடியில் பல வருஷங்களாகப் படிந்த சருகும் சேறும் நீரோடு வெளியேறிப் புதுமழை சுத்தமான பாறையில் வந்து நிறைவதற்கு அந்தப் பக்தி வழிசெய்தது என்பதை மறுக்க இயலாது.

பாசியின் இயல்பை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும். சூரிய வெளிச்சமும், நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்த உப்புச்சத்துகளும் நீரில் சேர்ந்தால் பாசி பெருகும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அதன் பெருக்கம் தடைப்படும். மொட்டைப் பாறையின்மீது ஓடி வரும் மழைநீரில் மண் குறைவு. ஆகவே பாசிக்குரிய உணவும் குறைவு. ஆழமாயும் பாறை நிழலிலும் அமைந்த சுனை மாதக்கணக்கில் தெளிந்து நிற்க, ஆழமற்று வெயிலில் காய்ந்து ஆடுமாடுகள் இறங்கும் குட்டை சில வாரங்களில் பச்சை பிடித்துவிடுவது இதனாலேயாம். மேலும், மழைக்குப் பின் தோன்றிக் கோடையில் வற்றிவிடும் தமிழ்நாட்டுத் தற்காலிகக் குட்டைகளில், இறாலுக்குத் தூரத்து உறவான ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. உடலின்மேல் ஓடில்லாத இது, மல்லாந்து நீந்திக்கொண்டே தன் கால்களால் நீரை வடித்து, அதில் மிதக்கும் பாசித் துகள்களை உண்கிறது. நீர் வற்றும்போது அது மடிந்தாலும், காய்ந்த வண்டலில் கிடக்கும் அதன் முட்டைகள் அடுத்த மழையில் உயிர் பெறுகின்றன. பாசியும் அதனை உண்ணும் ஜீவராசியும் ஒன்றையொன்று அளவில் நிறுத்தும் இந்த ஏற்பாடு மனிதர் வருமுன்னரே நிலவி வந்தது.

மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கினால், அங்கே மனித முயற்சியின் பங்கு மிகுதி. குடிதண்ணீர் ஊருணிக்குச் செம்புராங்கல்லால் கரை கட்டி, சுற்றிலும் வேலி அமைத்து, மாடு குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் வேறு குட்டையை ஒதுக்கி, ஊருணியில் காலை நனைப்பதையும் குற்றமாகக் கருதிய கட்டுப்பாடு புதுக்கோட்டைச் சீமையிலும் அதனை அடுத்த செட்டிநாட்டிலும் நெடுங்காலம் நிலவியது. சாணமும் அழுக்கும் சோப்பு நுரையும் நீரில் கலவாதிருந்தால் பாசிக்கு இரை இல்லை என்ற உண்மையை ரசாயன சாஸ்திரத்தின் பெயரால் அவ்வூரார் சொல்லவில்லை, ஆசாரமாகவே கைக்கொண்டார்கள். கொண்டு வந்த நீர் கலங்கலாக இருந்தால், மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரை ஊற்றி வைப்பார்கள். விதையின் பசை நீரில் மிதக்கும் துகள்களைத் திரளச் செய்து அடியில் படிய வைக்கும். கலித்தொகைப் புலவர் உவமையாக எடுத்தாளும் அளவுக்கு இது பழமையான முறை.

பாசன ஏரிகளுக்கு முத்தரையர் காலமுதல் இப்பகுதியில் அமைக்கப்பட்ட குமிழித் தூம்பு, நம் முன்னோரின் நீரறிவுக்கு நல்ல சாட்சி. கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரியின் தரையில் கற்பலகைகளால் ஒரு தொட்டி. அதன்மேல் உயர்ந்து நிற்கும் இரண்டு கற்றூண்கள். தூண்களை இணைக்கும் குறுக்குக் கற்களினூடே மேலும் கீழும் இயங்கும் ஓர் அடைப்பு. தொட்டியின் மேல்மூடியில் உள்ள பெருந்துளை நீரோடி. அடியில் தரைமட்டத்தில் உள்ள சிறுதுளைகள் சேறோடி. அடைப்பைத் தூக்கியதும் நீரோடி வழியாக நீர் வேகமாகப் பாய, அந்த வேகத்தால் சேறோடித் துளைகளின் வழியே அடிச்சேறும் இழுபட்டு நிலத்தடிக் கால்வாயில் கலந்து வயலுக்குச் செல்லும். ஏரியில் தங்கினால் பாசிக்கு உணவாகக்கூடிய அதே சத்து, வயலில் நெல்லுக்கு உரமாயிற்று. கோடையில் வற்றிய கண்மாயின் வண்டலைக் குடியானவர்கள் வண்டியில் அள்ளிக்கொண்டு போய் நிலத்தில் கொட்டியதும் இதே தத்துவத்தைச் சார்ந்ததாகும்.

இவற்றையெல்லாம் ஒழுங்காக நடத்தச் சபைகள் இருந்தன. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்ச் சாசனங்கள் 919, 921ஆம் ஆண்டுகளில் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் பொறித்து வைத்தன. பின்னர் ஆங்கில ஆட்சியில், ஊரார் மனமுவந்து செய்துவந்த நீர்நிலைப் பராமரிப்பாகிய குடிமராமத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பாக்கிற்று. ஆயினும் நீர்நிலையின்மேல் ஊராருக்கிருந்த உரிமை கைவிட்டுப்போன இடத்தில் சட்டத்தால் பொறுப்பை ஊட்ட முடியவில்லை. தூர் வாருதல் நின்றது; வரத்துக்கால்கள் மறிக்கப்பட்டன; சாக்கடை குளத்துக்குள் திரும்பிற்று; பாசி அரசாளத் தொடங்கிற்று. எஸ். வி. கணபதி 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகப் பூத்து நின்ற ஒரு கோயிற் குளத்தைப் பற்றியது. புறக்கணிக்கப்பட்ட குளம் எந்நிலையை அடையும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்கார் வளர்த்த பாசியியல் மரபும், டி. வி. தேசிகாச்சாரி 1959இல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி வெளியிட்ட பெருநூலும், இவ்வுயிர்களின் வகைதொகைகளை உலகம் அறியச் செய்தன.

மேலைநாட்டார் வேறு மார்க்கம் கண்டார்கள். 1904ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர், குடிநீர்த் தேக்கங்களில் செம்புச் சேர்மமாகிய மயில்துத்தத்தைச் சிறு அளவில் கரைத்தால் பாசி அழியும் என்று நிலைநாட்டினார்கள். அது பயனுள்ள கண்டுபிடிப்பே. ஆனால் செம்பு, பாசியோடு நின்றுவிடுவதில்லை. இறாலுக்கும் அதன் இனத்தைச் சேர்ந்த நீர்ச் சிற்றுயிர்களுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சாகிறது. செத்த பாசி அழுகி நீரிலுள்ள பிராணவாயுவையும் குறைக்கும். அதிலிருந்து வெளிப்படும் சத்து அடுத்த பாசிக்கு வித்தாகும். மூலகாரணமாகிய உணவு நீரில் இருக்கும்வரை, நஞ்சு தரும் வெற்றி தற்காலிகமானதே.

இவ்வுண்மை பெருங்குளங்களுக்கு மட்டும் உரியதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கெல்லை மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்களில் கடலைத் தொடுகிறது. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் உவர்நீரில் வளரும் சிற்றிறாலைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்பும் ஒருவருக்கும் சுனையும் ஊருணியும் போதிப்பது ஒரே பாடந்தான். உப்பு நீர் என்பதால் பாசி வராது என்று நினைப்பது தவறு. உவர்நீரைத் தாங்கும் பாசி வகைகள் பல உள. இரையை உண்ணும் அளவுக்கு மட்டும் போட்டு, மிஞ்சியதை அப்போதே எடுத்துவிட்டு, விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்து, நேர் வெயில் படாமல் வைத்து, அடிக்கழிவைக் குழாயால் உறிஞ்சி, நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றவேண்டும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே சேர்க்கவேண்டும், ஏனெனில் நீர் போனாலும் உப்பு போவதில்லை. கண்ணாடியில் படிந்ததை வழித்தெடுக்கலாம். பாசி மேயும் நத்தைகளை விடலாம். செம்பு கலந்த மருந்தை மட்டும் அருகில் கொண்டுவரலாகாது.

நார்த்தாமலைச் சுனையை இறைத்தவனும், சேறோடித் துளையைக் கல்லில் துளைத்த சிற்பியும், ஊருணியில் மாட்டை விடாமல் தடுத்த ஊர்க்காரனும் செய்தது ஒரே காரியம்: நீரில் என்ன சேரலாம், எது சேரக்கூடாது என்பதை நிர்ணயித்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்றும் 5,000க்கும் அதிகமான கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு மருந்து தேடுவதற்கு முன், வரத்துக்காலைத் திறந்து, சாக்கடையைத் திருப்பி, வண்டலை அள்ளி வயலில் போடும் பழைய பொறுப்பை ஊரார் மீண்டும் தம் உரிமையாக ஏற்கவேண்டும். அரசாங்கம் அவ்வுரிமையை அவர்களிடமே ஒப்படைக்கவேண்டும். இதுவே இச்சரித்திரம் நமக்கு இடும் கட்டளை.