ஞாபகமில்லாத வாத்தியத்துக்கு ஞாபகம் வந்த கதை

1/ சின்தசைசர் பிரியர்கள் கூடினா "அனலாக்கா, டிஜிட்டலா?"ன்னு சண்டை உறுதி. ஆனா வரலாற்றில் அதைவிட சுவாரசியமான கேள்வி ஒன்று உண்டு: சத்தம் அனலாக்தான், அதைக் கட்டுப்படுத்துறது யாரு? கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

2/ 1970-ல் அமெரிக்காவில் ராபர்ட் மோகின் கம்பெனி மினிமோக் மாடல் டி-யைக் கொண்டுவந்தது. மூணு ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், வரிசையா நாப்கள். கம்ப்யூட்டர் சமாசாரமே கிடையாது. எல்லாம் மின்னழுத்தம் சொல்றபடி நடக்கும்: ஒரு வோல்ட் கூடினா ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போகும்.

3/ சிக்கல் ஒன்று, சூடு. அந்த வோல்ட் கணக்கைப் போடுறது டிரான்சிஸ்டர். அதன் குணம் வெப்பத்துக்குத் தகுந்தபடி மாறும். காய்ச்சல்ல ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா நாடித்துடிப்பு சுமார் 10 கூடுமே, அந்த மாதிரி. மேடை விளக்குச் சூட்டில் சுருதி மெல்ல நகரும். வாசிக்கிறவர்தான் காதை வெச்சுத் திருத்தணும்.

4/ சிக்கல் இரண்டு, ஞாபகம். ஒரு பாட்டுக்கு வெச்ச சவுண்டை மாத்திட்டா, திரும்பக் கொண்டுவர ஒவ்வொரு நாபையும் பழைய இடத்துக்குத் திருப்பணும். அதனால நாப் நிலைகளைப் பேப்பரில் குறிச்சு வெச்சுக்கிட்டாங்க. கச்சேரி நடுவே இதைப் பண்ணிப் பாருங்க!

5/ 1978-ல் கலிஃபோர்னியாவில் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் புரொஃபெட்-5-ஐக் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் ஐந்து ஸ்வரம், 40 சவுண்டுக்கு நினைவகம். உள்ளே இசட்-80 மைக்ரோபிராசசர். அது சத்தம் போடாது. நாப் நிலைகளைப் படிக்கும், சேமிக்கும், பட்டனை அழுத்தினா சுருதியும் சேர்க்கும். சத்தம் உருவாகும் பாதை முழுக்க அனலாக்தான்.

6/ அடுத்த படி, 1982-ல் ரோலண்ட் ஜூனோ-6, ஜூனோ-60. இதில் ஆஸிலேட்டரின் நேரக்கணக்கே டிஜிட்டல். பேஸ்மேக்கர் வெச்ச இதயத்தை நினைச்சுக்கோங்க. எப்போ துடிக்கணும்னு சொல்றது கருவி, ரத்தத்தை பம்ப் பண்றது அதே பழைய தசை. ஜூனோவில் அலையை உருவாக்குறது கெபாசிட்டர். அது எப்போ மறுபடி ஆரம்பிக்கணும்னு சொல்றது டிஜிட்டல் கவுண்டர். சூட்டுக்குச் சுருதி அசையாது.

7/ 1983 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் புரொஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6-ஐயும் மிடி மூலம் இணைச்சுக் காட்டினாங்க. போட்டிக் கம்பெனிகளின் வாத்தியங்கள் ஒரே மொழி பேசின. வாசிப்பு ஏற்கெனவே எண்களா பிராசசருக்குள் இருந்ததால இது சுலபமாச்சு.

8/ இழப்பே இல்லையா? இருக்கு. மினிமோக் நாபைத் திருப்பினா மாற்றம் வழுக்கிக்கிட்டு வரும். மிடியில் சாதாரண கன்ட்ரோலுக்கு 0 முதல் 127 வரை 128 படிதான். சில ஆரம்பகால மெஷின்களில் ஃபில்டரைத் திருப்பும்போது அந்தப் படிக்கட்டு காதிலேயே கேக்கும். கூடவே, ஆஸிலேட்டர்கள் லேசா விலகி நிற்கும்போது வரும் தடிமனும் போச்சு. ஜூனோவில் கூடவே வந்த கோரஸ்தான் அந்தக் குறையை ஈடுகட்டியது.

9/ வேடிக்கை என்னன்னா, 2020-ல் மறுபடி வந்த புரொஃபெட்-5-இல் 'விண்டேஜ்' என்று ஒரு நாப். திருப்பினா பழைய விலகல் திரும்ப வரும்! கஷ்டப்பட்டுத் துரத்தின நோயையே காசு கொடுத்து வாங்குறோமா?

10/ அப்படிச் சொல்ல மாட்டேன். ஆரோக்கியமான இதயமும் கடிகாரம் மாதிரி அடிக்காது. மூச்சோட சேர்ந்து துடிப்பின் இடைவெளி கூடிக் குறையும். அதுக்காகத் தாறுமாறா அடிச்சா ஆரோக்கியம் இல்ல, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அளவுதான் விஷயம். 1970-ல் அந்த அளவை அரங்கத்தின் சூடு முடிவு பண்ணுச்சு. இப்போ வாசிக்கிறவர் முடிவு பண்றார். டிஜிட்டல் கட்டுப்பாடு தந்த பெரிய பரிசு இதுதான்னு நான் நினைக்கிறேன்.

11/ வாங்கப் போறீங்களா? லேபிளில் 'அனலாக்' இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. சவுண்டை ஞாபகம் வெச்சுக்குமா? சுருதி நிக்குமா? நாபைத் திருப்பினா படி கேக்குதா? இந்த மூணையும் கேளுங்க, அப்புறம் காதை நம்புங்க.